உதட்டு ஃபில்லருக்குப் பிறகு வரும் நிறமாற்றம்

உதட்டில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்ட பிறகு உதடோ அதைச் சுற்றிய தோலோ சிவக்கலாம், ஊதாவாகலாம், வெளிறலாம், நீலம் பூக்கலாம், கறுக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஒன்று மட்டும் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கேட்பது. நிறத்தை மட்டும் பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது. ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து நிறம் மாறியது, விரலால் அழுத்தி எடுத்தால் பழைய நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு முகங்களுக்கு இது இன்னும் அவசியம். ஃபில்லர் பற்றிய பாடநூல் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அந்தப் படங்களில் பளிச்சென்று தெரியும் வெளுப்பு, மாநிறத் தோலில் மங்கிய சாம்பல் நிறமாகவே தெரியும். கறுத்த தோலில் அதுவும் தெரியாமல் போகலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை வட்டாரங்களில் வசிப்பவர்களுக்குத் தூரமும் ஒரு கணக்கு. சென்னை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கோ திருவள்ளூருக்கோ திரும்பினால், சிக்கல் தலைகாட்டும் நேரத்தில் ஊசி போட்டவர் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முன்னேற்பாடுகளில் பாதி இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

ஊசிக்குழலில் இருப்பது

உதட்டுக்கு இன்று பெரும்பாலும் போடப்படுவது ஹையலூரானிக் அமில ஜெல். தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இயல்பாகவே உள்ள பொருள் இது. எளிதில் கரைந்துவிடாதபடி ஆலையில் கெட்டிப்படுத்தி ஊசிக்குழலில் அடைக்கிறார்கள். இவ்வகையில் ரெஸ்டிலேன் என்ற ஃபில்லருக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 டிசம்பரில் அனுமதி தந்தது. அது முகச் சுருக்கத்துக்கான அனுமதி. உதட்டைத் தடிமனாக்குவதற்கென்று 2011இல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் 21 வயது கடந்தவர்களுக்கு மட்டும்.

இந்த ஜெல்லைக் கரைக்க மருந்து உண்டு என்பதே இதன் பெரிய வசதி. ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் ஜெல் சில மணி நேரத்தில் இளகத் தொடங்கி ஓரிரு நாளில் பெரும்பாலும் மறைந்துவிடும். சிலிக்கான் எண்ணெய், அக்ரிலிக் மணிகள் கலந்த நிரந்தர ஃபில்லர் ஆகியவற்றுக்கு இப்படி மாற்று மருந்து கிடையாது. விலை குறைவு, ஆயுள் முழுக்க இருக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஊசியை உதட்டுக்கு வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

முதல் 48 மணி நேரம்: அடைப்பு

மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் ரத்தம் கொண்டுவருபவை முகத் தமனியிலிருந்து பிரியும் இரு உதட்டுத் தமனிகள். பெரும்பாலானவர்களுக்கு இவை உதட்டின் தசைக்கும் உட்புற ஈரத்தோலுக்கும் நடுவே ஓடுகின்றன. ஆளுக்கு ஆள் பாதை மாறும். ஒரே ஆளின் இரு பக்கங்களிலும்கூட மாறும். ஊசி முனை தமனிக்குள் நுழைந்து ஜெல் உள்ளே போய்விட்டால், அந்தத் தமனி ரத்தம் கொடுத்துவந்த தோல் பட்டினி கிடக்கிறது. அனுபவமுள்ள மருத்துவரின் கையிலும் இது நடக்கலாம். நடந்தவுடன் கண்டுபிடிக்கிறாரா, கரைக்கும் மருந்து பக்கத்தில் இருக்கிறதா என்பதில்தான் நல்ல கிளினிக்குக்கும் மோசமான கிளினிக்குக்கும் வித்தியாசம் தெரியும்.

அடைப்பின் முதல் அடையாளம் வெளிறல். ஊசி போடும்போதே அது வரலாம். சில நொடிகளில் மறைந்தும் போகலாம். சில மணி நேரத்தில் அந்த இடத்தில் மீன்வலை போன்ற கோடுகள் படர்ந்து, நிறம் ஊதா கலந்த சாம்பலாக மாறும். ரத்தக்கட்டு ஊசி குத்திய இடத்தைச் சுற்றி நிற்கும். அடைப்போ தமனியின் பாதையைத் தொடர்ந்து போகும். மேலுதட்டில் போட்ட ஊசிக்கு மூக்கின் ஓரமோ நுனியோ நிறம் மாறும். கீழுதட்டில் போட்டதற்குத் தாடை வரை போகலாம். ஊசி படாத இடம் நிறம் மாறினால் அதை அடைப்பு என்றே எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும்.

வலி இல்லையே என்று நிம்மதி அடைவது தவறு. பல ஃபில்லர்களில் மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் கலந்தே வருகிறது. ஊசிக்கு முன் மரப்புக் களிம்பும் பூசப்படுகிறது. இவற்றின் வேகம் தணியும்வரை தோல் ரத்தமின்றித் தவித்தாலும் வலி தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் உதட்டைப் பிரித்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உட்புறம் எல்லா நிறத்தாருக்கும் ஓரளவு இளஞ்சிவப்புதான். மெலனின் அங்கே குறைவாகவே மறைக்கும். விரல் நுனியால் ஐந்து நொடி அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். மூன்று நொடிக்கு மேல் ஆனாலோ, வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தெளிவான வேறுபாடு இருந்தாலோ ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். ஊசி போட்ட நாளில் கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் ஒரு முறை, வீடு சேர்ந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவைத்தால் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உதவும். ஆனால் படத்தைப் பார்த்து மட்டும் “ஒன்றுமில்லை” என்று வரும் பதிலை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. மாநிறத் தோலின் வெளிறல் கைபேசிப் படத்தில் சரியாக விழுவதில்லை.

அடைப்பு என்ற சந்தேகம் வந்தால் ஐஸ் வைக்கக் கூடாது. குளிர்ச்சி தமனிகளை மேலும் சுருக்கும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்தபடியே மருத்துவரிடம் போக வேண்டும். அவர் செய்ய வேண்டியது ஹையலூரானிடேஸை அந்தப் பகுதி முழுவதும் அதிக அளவில் செலுத்துவது, அழுத்திப் பிசைவது, ரத்த ஓட்டம் திரும்பும்வரை மணிக்கொரு முறை அதையே மீண்டும் செய்வது. உதட்டளவு பகுதிக்கு ஒரு தடவைக்கு 500 அலகு வரை செலுத்தும் முறை இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. குளவி, தேனீ கொட்டினால் கடும் ஒவ்வாமை வருபவர்களுக்கு இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தேனீயின் விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது. அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத தகவல் ஒன்று உண்டு. ஹையலூரானிடேஸ் அழகு கிளினிக்குகளுக்கு மட்டும் உரிய மருந்து அல்ல. கண்புரை அறுவையில் கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போடும்போது மருந்து பரவுவதற்காக இது சேர்க்கப்படுகிறது. அதற்கென 1500 அலகுக் குப்பிகள் விற்பனைக்கு வருகின்றன. ஊசி போட்டவரை நெருங்க முடியாத நிலையில், கண் அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் இந்த மருந்து இருக்கிறதா என்று கேட்கலாம். திருவள்ளூர் பக்கத்தவர்களுக்கு, 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகில். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்தவர்களுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை வடசென்னையிலேயே இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் “உதடு வீங்கியிருக்கிறது” என்று சொன்னால் ஒவ்வாமை ஊசி போட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. “ஃபில்லர் போட்டிருக்கிறது, ரத்தக் குழாய் அடைப்போ என்று சந்தேகம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

ஊசி போடும்போதோ சற்றுப் பின்னரோ கண் பார்வை மங்கினாலும், இமை தொங்கினாலும், கண்ணில் கடும் வலி எடுத்தாலும் ஜெல் விழித்திரைத் தமனியை எட்டியிருக்கலாம். உதட்டு ஊசியில் இது மிக அபூர்வம். ஆனால் விழித்திரை ரத்தமின்றித் தாங்குவது ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து நெரிசல் நேரத்தில் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். 108ஐ உடனே அழைக்க வேண்டும்.

கவனிக்கப்படாத அடைப்பில் மூன்றாம் நாள் வாக்கில் சிறு சீழ்க்கொப்புளங்கள் தோன்றும், பிறகு தோல் கறுத்து உரியும். இந்தக் கொப்புளங்களை ஹெர்பிஸ் என்று நினைத்து மாத்திரை கொடுத்து நாட்களை வீணாக்குவது உலகெங்கும் நடக்கும் பிழை. ஊசியின் தூண்டுதலால் பழைய ஹெர்பிஸ் உண்மையாகவே கிளம்புவதும் உண்டு. அப்போது முதலில் அரிப்பும் சுரசுரப்பும் இருக்கும், தெளிந்த நீர் கோத்த கொப்புளங்கள் கொத்தாக வரும், முந்தைய நாட்களில் வலை போன்ற கோடுகள் இருந்திருக்காது. அடிக்கடி உதட்டில் இப்படிக் கொப்புளம் வருபவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஊசிக்கு முன்பே தடுப்பு மாத்திரை தருவார்கள்.

ரத்தக்கட்டு

ஊசி பட்டு மெல்லிய நாளம் கசிந்தால் ரத்தம் கட்டும். இதுதான் மிகவும் சாதாரணமான நிறமாற்றம். சிவப்பு ஊதாவாகும், ஊதா பச்சையாகும், பச்சை மஞ்சளாகி மறையும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் உடைந்து வேறு வேறு நிறமிகளாக மாறுவதால் வரும் வரிசை இது. 7 முதல் 14 நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். அழுத்தி எடுத்தால் சுற்றியுள்ள தோலின் நிறம் இயல்பாகத் திரும்பும். இந்த வேறுபாட்டை உறுதிசெய்த பிறகே ஐஸ் ஒத்தடம்; துணியில் சுற்றி, பத்து நிமிடத்துக்கு மிகாமல், முதல் ஓரிரு நாள் மட்டும்.

ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகள் ரத்தக்கட்டை அதிகமாக்கும். தலைவலிக்கென்று தானாக வாங்கிப் போடும் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தலாம். இதய நோய்க்கோ ஸ்டென்ட் வைத்ததற்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை உதட்டு அழகுக்காக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வெப்பமும் வீக்கத்தையும் ரத்தக்கட்டையும் கூட்டும். எஃகு உருட்டாலைகளிலும் உலைக்கூடங்களிலும் வேலை செய்பவர்கள் குறைந்தது இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும்போதே ஊசி போட்டுக்கொள்வது நல்லது. தூசு முகக்கவசத்தின் விளிம்பு வீங்கிய உதட்டில் உரசுவதும் புண்ணாக்கும்.

வீக்கம் முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் அடங்கும். கரைக்கும் மருந்து போட்டாலும் உடனடியாக வீக்கம் வரும். மும்பை நடிகை உர்ஃபி ஜாவேத் 2025 ஜூலையில் தன் பழைய ஃபில்லரைக் கரைத்துக்கொள்ளும் காட்சியைத் தானே வெளியிட்டபோது, வீங்கிச் சிவந்த அந்த முகத்தைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். அந்த வீக்கம் மருந்து வேலை செய்யும்போது வருவது, சில நாளில் வடிவது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன் உதட்டு ஊசி போட்டுக்கொள்ளும் மணப்பெண், ரத்தக்கட்டோடு மேடை ஏறத் தயாராக இருக்க வேண்டும். ஒரு மாத இடைவெளி பாதுகாப்பானது.

நீலச் சாயல்

வீக்கம் வடிந்த பிறகு, உதட்டின் விளிம்பிலோ மேலுதட்டுக்கு மேலேயோ வலி இல்லாத வெளிர் நீலத் திட்டு தெரிந்தால், ஜெல் தோலுக்கு மிக அருகில் தங்கியிருக்கிறது என்று பொருள். ஒளிபுகும் ஜெல்லின் நுண்துகள்கள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஜான் டிண்டால் ஆராய்ந்த விளைவு இது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ரத்தக்கட்டு போல இது பச்சை மஞ்சளாக மாறாது. விட்டுவிட்டால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். சிறிதளவு ஹையலூரானிடேஸ் போட்டால் போய்விடும். மேலே இன்னும் ஒரு ஊசி ஃபில்லர் போட்டு “சரிசெய்யலாம்” என்று சொல்பவரிடம் போகாமல் இருப்பது மேல்.

வாரங்கள் கழித்து வரும் கருமை

தமிழ்நாட்டில் அதிகம் மனத்தைப் படுத்துவது இதுதான். ஊசிக் காயம், வீக்கம், கொப்புளம், உரசல் என எந்த அழற்சிக்குப் பிறகும் மாநிறத் தோல் மெலனினைக் கூடுதலாகச் சுரந்து வைத்துக்கொள்ளும். ரத்தக்கட்டு மறைந்து சில வாரம் கழித்து அதே இடத்தில் பழுப்புக் கருமை தெரியும். தேங்கிய ரத்தத்தின் இரும்புச் சத்தும் சில நேரம் இதேபோன்ற கறையை விட்டுப் போகும். இரண்டும் மெதுவாகவே மங்கும். மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரைகூட ஆகலாம்.

வெயிலைத் தடுப்பதே முதல் சிகிச்சை. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போய்வருபவருக்கு எஸ்.பி.எஃப் 30 உள்ள உதட்டுக் களிம்பும், முகம் மூடிய ஹெல்மெட்டும் விலை உயர்ந்த கிரீம்களைவிட அதிகம் உதவும். அதற்குப் பிறகே அசெலாயிக் அமிலம், ஹைட்ரோகுயினோன், டிரானெக்சாமிக் அமிலம், லேசர் எல்லாம். தோல் மருத்துவர் பார்த்து, உதட்டின் மெல்லிய தோலுக்கு ஏற்ற அளவில். அவசரப்பட்டுப் போடும் லேசரே புதிதாக ஒரு அழற்சியை உண்டாக்கி முன்பைவிடக் கறுக்க வைக்கும்.

மருந்துக் கடையில் “கறுப்பு போக” என்று கேட்டால் கிடைக்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018இல் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது, விற்பனை நின்றபாடில்லை. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, வாயைச் சுற்றிப் பரு போலத் தடிக்கும். பெயர் தெரியாத வெளுப்புக் களிம்புகள் இன்னும் மோசம். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்து, களிம்பில் பாதரசம் இருந்தது தெரியவந்தது.

எல்லாக் கருமையும் ஊசியால் வந்ததும் அல்ல. ஊசியோடு எழுதிக் கொடுக்கப்பட்ட வலி மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோகூடக் காரணமாகலாம். சிலருக்குக் குறிப்பிட்ட மருந்து உள்ளே போகும்போதெல்லாம் உடலில் ஒரே இடத்தில் வட்டமாகத் தடித்துச் சிவந்து, ஆறும்போது கரும்பழுப்புத் திட்டை விட்டுப் போகும். உதடு அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. முன்பு எப்போதாவது காய்ச்சல் மாத்திரைக்குப் பிறகு உதடு இப்படிக் கறுத்திருந்தால் அந்த மாத்திரையின் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புகைப்பவரின் உதடு கறுத்திருப்பதும், லிப்ஸ்டிக் சாயம் ஒத்துக்கொள்ளாமல் உதடு கறுப்பதும் ஃபில்லருக்கு முன்பே இருந்திருக்கலாம். ஊசிக்கு முன் எடுத்த படம் இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

உதடு முழுவதும் சீராக நீலம் பூத்து, நகங்களும் நீலமாகி, மூச்சு வாங்கினால் அது உதட்டுச் சிக்கலே அல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. மரப்புக் களிம்பில் உள்ள பிரைலோகைன் அதிக அளவில் ஏறினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். சாய, ரசாயன ஆலைகளில் அனிலின், நைட்ரோபென்சீன் ஆகியவற்றைக் கையாள்பவர்களுக்கு அந்த ரசாயனங்களாலும் இதே பாதிப்பு வரும். அத்தகைய பணியில் இருப்பவர் அதை ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். நீலம் பூத்தபின் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான்.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

ஊசி போடுபவர் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ மேற்படிப்பு படித்தவரா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ் கிளினிக்கும் பதிவு பெற்றிருக்க வேண்டும்; சான்றிதழை வரவேற்பறையில் தேடலாம். பியூட்டி பார்லரில் குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்திருப்பது இதற்கு ஈடாகாது. ஊசி இல்லாமல் காற்றழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் பேனாக்களை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்வதும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் இதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: “ஹையலூரானிடேஸ் இப்போது இங்கே இருக்கிறதா?” குப்பியைக் காட்டச் சொல்லலாம். வாங்கித் தருகிறோம் என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது. தொலைவிலிருந்து வருபவர்கள் வார நாள் காலையில் நேரம் வாங்கி, ஊசி போட்டபின் இரண்டு மணி நேரமாவது கிளினிக்குக்கு அருகிலேயே இருந்து, மீண்டும் ஒரு முறை காட்டிவிட்டு ரயில் ஏறலாம். சனிக்கிழமை மாலை ஊசி போட்டால், சிக்கல் வரும் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் பூட்டியிருக்கும். இரவில் எடுக்கப்படும் தொலைபேசி எண் எது என்று கேட்டு, அங்கேயே ஒரு முறை அழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஃபில்லர் பெட்டி கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் மருத்துவ உபகரணங்கள் அனைத்தும் இந்தியாவில் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், உரிம எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்கும். பெட்டிக்குள் வரும் தொகுதி எண் ஒட்டுத்தாளில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பில்லோடு வைத்துக்கொள்ள வேண்டும். என்ன போட்டார்கள் என்று தெரிந்தால்தான் வேறொரு மருத்துவர் அதைக் கரைக்க முடியுமா என்று முடிவு செய்வார்.

கவனக்குறைவால் தோல் போனாலோ நிலையான தழும்பு விழுந்தாலோ மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், தொகுதி எண் ஒட்டுத்தாள், தேதியிட்ட படங்கள், ஒப்புதல் படிவத்தின் நகல் ஆகியவை வேண்டும். பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தாக வேண்டும்.